மேல் நீக்தராவின் நாற்பத்து மூன்று பேர்

ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு வருமான வரி ஆபீசுக்கு மேல்மாடியில் ஒன்பது பேர் உட்கார்ந்து உலகத்துக் கிராமங்களுக்கெல்லாம் விலாசம் எழுதிக்கொண்டிருந்தார்கள் என்றால் அமெரிக்காவின் எடிசன் நகரில் யாரும் நம்பமாட்டார்கள். கீழே வரிப் படிவம் நிரப்ப வருகிற குஜராத்திக் கடைக்காரர்கள், மாடியில் இருப்பது ஏதோ டிராவல் ஏஜென்சி என்றே நினைத்திருந்தார்கள். ஆனால் வேலை அதுதான். ஊரின் பெயர், பூமியில் அது எந்தப் புள்ளியில் இருக்கிறது, எத்தனை குடும்பம், எத்தனை தலை. நான்கே கட்டம். நிரப்பிக் கொடுத்தால் நிவாரண நிறுவனங்கள், தடுப்பூசி போடுகிறவர்கள், சரக்குக் கம்பெனிகள் என்று யாராவது வாங்கிக்கொண்டு போவார்கள்.

ஆஃபீஃபாவுக்கு அங்கே இரண்டு வருஷ வேலை. கடையநல்லூர்க்காரி. கை வேகம், வாய் அதைவிட வேகம். கணவன் ஜாவித்தின் ப்ராஜெக்ட் போன நவம்பரில் கையை விரித்துவிட்டதால், அவன், அவள், ஐந்து வயது மகள் ஹஃப்சா என்று மூன்று பேரின் விசாவும் இவளுடைய இந்த ஒரு வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது. வேலை போனால் விசா போகும். விசா போனால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இது வீட்டில் மூவருக்கும் தெரியும், ஹஃப்சாவுக்குக்கூட.

அந்த மாடியில் எல்லாரையும் ஆட்டிவைத்தது ஒரு நிறம். நான்கு கட்டத்தில் ஒன்று காலியாக இருந்தாலும் அந்த வரி முழுவதும் சிவப்பாகிவிடும். மாதக் கடைசியில் சிவப்பு இருந்தால் பட்டியல் வெளியே போகாது. பட்டியல் போகாவிட்டால் டீம் லீடர் ஜார்ஜுக்குச் சோறு இறங்காது. ஜார்ஜ் தூத்துக்குடிக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். ஞாயிறு பூசைக்குத் தவறாதவர், மற்றபடி நல்ல மனுஷர். சிவப்பைக் கண்டால் மட்டும் மனுஷர் மாறிவிடுவார்.

அதனால் சிவப்பைப் போக்க ஆளுக்கொரு வழி வைத்திருந்தார்கள். பக்கத்து சீட் மயில்சாமிக்கு ஓர் ஊர் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை என்றால், அந்த மாவட்டத்தின் நட்டநடுவில் ஒரு புள்ளியைக் குத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். அவன் பட்டியலை நம்பினால் பொலிவியாவில் பாதி ஜனங்கள் ஏரிக்குள் குடியிருக்கிறார்கள். ஆஃபீஃபா அப்படியெல்லாம் செய்யமாட்டாள். அவள் யோசித்துத்தான் செய்வாள். வினையே அங்கேதான்.

2007-ஆம் வருஷம் ஈரான் பட்டியல் அவள் கைக்கு வந்தது. முந்தின வருஷம் அங்கே எடுத்த மக்கள்தொகைக் கணக்கு. கிழக்கே மலைகளுக்கு நடுவே ஒரு மாவட்டம், இரண்டாயிரத்து முந்நூறு ஊர்கள், பதினோரு வாரம் கெடு. எல்லாம் பாரசீகம் பேசுகிற சின்னச் சின்ன ஊர்கள். எட்டுக் குடும்பம், பதினைந்து குடும்பம், சில இடங்களில் இரண்டே குடும்பம். அந்த வரிசையில் ஒருநாள் நீக்தரா வந்தது. ஒன்றல்ல, இரண்டு. நீக்தரா பாயீன், 51 குடும்பம், 212 பேர். நீக்தரா பாலா, 11 குடும்பம், 43 பேர். பாலா என்றால் மேல், பாயீன் என்றால் கீழ். அதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது. கீழ் நீக்தராவுக்குப் புள்ளி இருந்தது. மேல் நீக்தராவுக்கு இல்லை. வரி சிவப்பு.

அவள் யோசித்தாள். கடையநல்லூர்ப் பக்கம் மேலூர், கீழூர் என்றால் நடுவில் ஒரு வாய்க்கால் ஓடும், அவ்வளவுதான் வித்தியாசம். மேலூரில் நோன்புக் கஞ்சி இறக்கினால் கீழூர்ப் பிள்ளைகள் தூக்குவாளியோடு வந்து நிற்பார்கள். கல்யாணத்துக்கு இரண்டு ஊருக்கும் சேர்த்தே ஒரே பந்தல். ரேஷன் கடை ஒன்று, வாத்தியார் ஒருவர். பேருக்குத்தான் இரண்டு ஊர். எனவே இரண்டு வரியையும் சேர்த்து ஒன்றாக்கினாள். நீக்தரா, 62 குடும்பம், 255 பேர். சிவப்பு போய்விட்டது. அடுத்த வரிக்குப் போனாள். கெடுவுக்கு நான்கு நாள் முன்பே முடித்ததற்கு ஜார்ஜ் எல்லாருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தார்.

2008 பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, அந்த மலைகளில் விடியற்காலையில் நிலம் குலுங்கியது. எடிசனில் அப்போது செவ்வாய் இரவுச் சாப்பாட்டு நேரம். மறுநாள் காலை ஆபீசுக்கு வந்தபோது நியூயார்க்கில் இருக்கிற ஒரு நிவாரண நிறுவனத்திலிருந்து அவசர மெயில் காத்திருந்தது. மார்கரெட் என்று ஓர் அம்மாள். நீங்கள் விற்ற பட்டியலை வைத்துத்தான் ஊர் ஊராக ஆள் அனுப்பிக்கொண்டிருக்கிறோம், சந்தேகம் வந்தால் உடனே கேட்போம், தயாராக இருங்கள் என்று எழுதியிருந்தார்.

ஆஃபீஃபாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பொய் சொல்வானேன். தான் தட்டிய எண்களைக் கையில் பிடித்துக்கொண்டு யாரோ மலையேறுகிறார்கள் என்பது அவளுக்குப் பெருமையாகவே இருந்தது.

வியாழன் காலை இரண்டாவது மெயில் வந்தது. ஜார்ஜ் அதைப் பிரிண்ட் எடுத்து எல்லார் மேஜையிலும் வைத்தார். ஒவ்வோர் ஊராக நிலவரம் போட்டிருந்தது. பன்னிரண்டாவது வரியில் நீக்தரா.

"மீட்புக் குழு, ஒரு மண்தோண்டி இயந்திரம், இரண்டு மோப்ப நாய்கள் சென்று சேர்ந்தன. பட்டியல்படி மக்கள்தொகை 255. உயிரோடும் காயத்தோடும் சடலமாகவும் கணக்கில் வந்தவர்கள் 212. காணாமல்போனவர் 43. இடிபாடுகளில் தேடல் தொடர்கிறது."

ஆஃபீஃபா அந்த வரியை இரண்டாம் தடவை படித்தாள். 212, 43. இந்த இரண்டு எண்ணையும் அவள் தனித்தனியாகப் பார்த்திருக்கிறாள். கூட்டியவளே அவள்தான்.

பழைய கோப்பைத் திறந்தாள். கீழ் நீக்தரா 212. ஓர் ஆள்கூட முன்னே பின்னே இல்லை. இந்தப் பதினைந்து மாதத்தில் ஒரு பிறப்பும் ஓர் இறப்பும் சரிக்குச் சரியாய்ப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அப்படியானால் மேல் நீக்தரா எங்கே? ஒரு வருஷத்துக்கு முன்பே பார்த்திருக்க வேண்டிய சாட்டிலைட் படத்தை இப்போது திறந்தாள். கீழூரிலிருந்து ஓடை ஒன்று மலைக்குள் போனது. அதன் கூடவே ஒற்றையடிப் பாதை. வளைந்து, நெளிந்து, இன்னும் வளைந்து, பதினான்கு கிலோமீட்டர் தள்ளி, மலையின் தோளில் பத்துப் பதினைந்து கூரைகள். சுற்றிலும் பச்சைத் தோட்டம், கல் அடுக்கிய ஆட்டுப்பட்டி. ஊர் அங்கே இருந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இல்லை.

"யா அல்லாஹ்" என்றாள் சத்தமாகவே. மயில்சாமி திரும்பிப் பார்த்தான்.

கீழூரில் இல்லாத நாற்பத்து மூன்று பேரைக் கீழூர் மண்ணில் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நாற்பத்து மூன்று பேர் பதினான்கு கிலோமீட்டர் மேலே, பிப்ரவரிப் பனியில், யாரும் வராமல் கிடக்கிறார்கள். அவர்களுக்கு உலகத்தில் ஊரே இல்லை. ஊரை அழித்தது அவள் விரல். இப்படித்தான் ஆஃபீஃபா நினைத்தாள். அவள் இடத்தில் யார் இருந்தாலும் இப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

அவள் சொன்னதைக் கேட்டதும் ஜார்ஜ் முதலில் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்பப் போட்டார்.

"ஆஃபீஃபா, நீ ரொம்ப டென்ஷன் ஆகாத. முதல் பக்கத்துலயே டிஸ்க்ளைமர் போட்டுத்தான விக்கிறோம்? தப்பு இருந்தா கம்பெனி பொறுப்பில்லன்னு தெளிவா இருக்கு."

"அண்ணா, அந்த டிஸ்க்ளைமரைப் போத்திக்கிட்டா அவங்களுக்குக் குளிர் அடிக்காதா?"

"அதுக்கில்லம்மா. ஓனருக்குத் தெரிஞ்சா முதல்ல உன் சீட்டுதான் போகும். அப்புறம் என் சீட்டு. உன் விசா என்ன ஆவும்னு யோசிச்சியா? நாளைக்கு அவங்களே மேல போய்ப் பாத்துக்குவாங்க. லோக்கல் ஆளுங்களுக்குத் தெரியாதா?"

"லோக்கல் ஆளுங்க பாதிப் பேரு ஆஸ்பத்திரியில கெடக்காங்க அண்ணா. டீம் வெளியூர்லேர்ந்து வந்திருக்கு. அவங்க கையில நம்ம பேப்பர்தான் இருக்கு. அதுல அந்த ஊரே இல்ல. நான்தான் எடுத்தேன்."

ஜார்ஜ் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். கெட்டவராக இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார்.

ஜாவித்துக்குப் போன் போட்டாள். அவன் முழுவதையும் கேட்டான். பின்னால் ஹஃப்சாவின் கார்ட்டூன் சத்தம் கேட்டது.

"மெயில்ல உன் பேரைப் போடாத, ஆஃபீ. கம்பெனி பேர்ல அனுப்பு. ஈரான், இந்தப் பேரு, எல்லாம் சேந்து வந்துச்சுன்னா? நம்ம கிரீன் கார்டு ஃபைல் செக்யூரிட்டி நேம் செக்ல மூணு வருஷமா தூங்குது. அதை நாமளே தட்டி எழுப்பணுமா?"

"பேர் இல்லாம அனுப்பினா நம்புவாங்களா, மச்சான்? யார் சொன்னா, எப்படித் தெரியும்னு கேப்பாங்க. நான்தான் தப்புப் பண்ணேன்னு சொன்னாத்தான் நம்புவாங்க."

"வேலை போயிரும்."

"போகட்டும். நாம ஊருக்குப் போயிருவோம். நமக்குப் போறதுக்கு ஊர் இருக்கு."

ஜாவித் பெருமூச்சு விட்டான். "அனுப்பு" என்றான்.

ஆஃபீஃபா எழுதினாள். ஒளிக்கவில்லை, மெழுகவில்லை. என் பெயர் இது, இரண்டு ஊரை ஒன்றாகச் சேர்த்தது நான், காரணம் என் சோம்பலும் என் அனுமானமும், காணாமல்போன நாற்பத்து மூன்று பேர் கீழூரில் ஒருபோதும் இருந்ததில்லை, தயவுசெய்து அங்கே தோண்டுவதை நிறுத்திவிட்டு இயந்திரத்தையும் நாய்களையும் மேலே அனுப்புங்கள், இதோ புள்ளி, இதோ பாதை, இதோ படம். மூன்று பேரின் விசாவையும் ஒரு கணம் நினைத்துக்கொண்டு, பிஸ்மி சொல்லி அனுப்பினாள்.

அரை மணி நேரத்தில் மார்கரெட்டின் பதில் வந்தது. நன்றி, இப்படிச் சொல்ல நிறையப் பேருக்குத் தைரியம் இருக்காது, அங்கே இப்போது இருட்டிவிட்டது, விடிந்ததும் குழு மேலே கிளம்பும், நீங்கள் நாற்பத்து மூன்று உயிர்களைக் காப்பாற்றியிருக்கலாம் என்று எழுதியிருந்தார். ஆஃபீஃபா மேஜையில் தலையை வைத்து அழுதாள். மயில்சாமி என்ன செய்வதென்று தெரியாமல் தன் டீயை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான். அன்றைக்கே அவன் பொலிவியாவைத் திறந்து ஏரிக்குள்ளிருந்த ஜனங்களை ஒவ்வொருவராகக் கரையேற்ற ஆரம்பித்தான்.

வெள்ளிக்கிழமை எந்தச் செய்தியும் வரவில்லை. செய்தி வராததையே அவள் நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டாள். இயந்திரம் மேலே போயிருக்கும், கம்பளி போயிருக்கும், டாக்டர் போயிருப்பார். ஓனரிடமிருந்தும் சத்தம் இல்லை. சாயங்காலம் வீடு திரும்பும்போது ஒரு பெட்டி ஜிலேபி வாங்கினாள். காரணமில்லாமல் இனிப்பு வருகிற வீடு இல்லை அது. ஹஃப்சாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"உம்மா நாப்பத்து மூணு பேரைக் கண்டுபிடிச்சேன்டா. அதான்."

"எங்க ஹைட் பண்ணாங்க, உம்மா?"

"மலை மேல."

ஹஃப்சா அதை ஒப்புக்கொண்டு இரண்டாவது ஜிலேபியை எடுத்தாள். ஜாவித் மனைவியின் தோளைத் தட்டிவிட்டு டீ போடப் போனான். கல்யாணமான ஏழு வருஷத்தில் அவன் அவளைப் பார்த்து இவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஜார்ஜ் போன் செய்தார். குரல் சரியில்லை.

"ஆபீஸ் வந்துரு. மார்கரெட் கான்ஃபரன்ஸ் கால் கேக்கறா. அந்த ஊர்லேர்ந்து ஒருத்தன் லைன்ல வரானாம். நம்மகிட்டதான் பேசணுமாம்."

நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தாள். நல்ல துப்பட்டாவாக எடுத்துப் போட்டுக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜார்ஜின் அறையில் ஸ்பீக்கர் போன் இருந்தது. மார்கரெட் நியூயார்க்கிலிருந்து பேசினார், ஆனால் இரண்டு வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டு, அங்கே இருக்கிற மொழிபெயர்ப்பாளர் கேவானை லைனில் விட்டார். மீட்புக் குழுவோடு போனவன் அவன்தான். சாட்டிலைட் போன் என்பதால் ஒவ்வொரு பேச்சுக்கும் நடுவே ஒரு வெற்றிடம் விழுந்தது. அவனுடைய ஆங்கிலம் நிதானமாக இருந்தது. அந்த நிதானம் ஆஃபீஃபாவுக்குப் பிடிக்கவில்லை.

"நேற்று விடிந்ததும் மேலே கிளம்பினோம். பனியில் இயந்திரத்தை ஏற்ற ஏழு மணி நேரம் ஆனது. மேல் நீக்தரா நீங்கள் சொன்ன இடத்தில்தான் இருக்கிறது. புள்ளி மிகச் சரி."

"அவங்க?" என்றாள் ஆஃபீஃபா, தமிழிலேயே. பிறகு ஆங்கிலத்தில் கேட்டாள்.

வெற்றிடம்.

"கதவெல்லாம் பூட்டியிருந்தது. பூட்டின் மேல் பனி. பாதி வீடுகள் விழுந்திருந்தன, பாதி நிற்கின்றன. எங்கேயும் ஒரு கால்தடம் இல்லை. அடுப்பில் சாம்பல்கூட இல்லை. இலையுதிர் காலத்துக்குப் பிறகு அங்கே ஆளே நடமாடவில்லை."

ஜார்ஜ் நாற்காலியை ஸ்பீக்கர் பக்கம் இழுத்துப் போட்டார்.

"அது கோடைக்கால ஊர்" என்றான் கேவான். "முதல் பனி விழுந்ததும் பதினோரு குடும்பமும் ஆடுகளோடு இறங்கிக் கீழூருக்கு வந்துவிடுமாம். கீழூரின் ஓரத்தில் அவர்களுக்கென்று இரண்டு நீளமான மண் கிடங்குகள். மார்ச்சில் வருகிற நவ்ரோஸ் புத்தாண்டு வரைக்கும் அங்கேதான் இருப்பார்கள். கணக்கெடுக்க ஆள் வந்தது பனிக்கு முன்னால். அதனால் மேலே எழுதிவிட்டுப் போயிருக்கிறான்."

ஆஃபீஃபாவுக்குப் புரிந்தது. புரியக் கூடாது என்று மனம் பிடிவாதம் பிடித்தது, ஆனாலும் புரிந்தது. அந்த நாற்பத்து மூன்று பேரும் கீழூரில்தான் இருந்தார்கள். அவள் போன வருஷம் சோம்பலில் கூட்டிய கணக்கு சரி. நேற்று முன்தினம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு திருத்திய கணக்குத்தான் தவறு. வியாழக்கிழமை அவர்கள் தோண்டிக்கொண்டிருந்த இடம் சரியான இடம். அங்கிருந்து அவர்களைக் கிளப்பியது அவள்.

"நாங்கள் கிளம்பும்போது கீழூர்க் கிழவர்கள் நான்கைந்து பேர் இயந்திரத்தின் முன்னால் வந்து படுத்தார்கள்" என்றான் கேவான். அவன் குரலில் இப்போது நிதானம் இல்லை. "இங்கே, இங்கே என்று கத்தினார்கள். நான் அதை மொழிபெயர்த்தும் சொன்னேன். குழுத் தலைவர் உங்கள் மெயிலைக் காட்டினார். 'இவர்கள் துக்கத்தில் பேசுகிறார்கள், அமெரிக்காவிலிருந்து பட்டியல் போட்டவர்களே திருத்தி அனுப்பியிருக்கிறார்கள், மேலே உயிரோடு இருப்பவர்களைச் சாகவிடலாமா' என்றார். கிழவர்களைத் தூக்கி ஓரமாக உட்காரவைத்துவிட்டுப் போனோம். நாங்கள் இல்லாத நேரமெல்லாம் அவர்கள் வெறும் கையால் தோண்டியிருக்கிறார்கள். ஐந்து பேரை வெளியே எடுத்திருந்தார்கள். ஒருவருக்கு விரல் நகமே இல்லை."

"அப்புறம்?" அது ஜார்ஜின் குரல்.

"இருட்டும் நேரத்துக்குத் திரும்பி வந்தோம். அப்போதிலிருந்து இப்போது வரை நிறுத்தவில்லை. எல்லாம் சேர்த்து நாற்பத்தொரு பேரை எடுத்திருக்கிறோம். ஏழு பேருக்கு உயிர் இருக்கிறது. மற்றவர்களில் பத்துப் பன்னிரண்டு பேர் நேற்றுப் பகலில்தான் இறந்திருக்க வேண்டும் என்கிறார் டாக்டர். கூரைக் கட்டைகள் குறுக்கே விழுந்து இடம் விட்டிருக்கின்றன. மூச்சு இருந்திருக்கிறது. உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் மதியம்வரை கேட்டதாகக் கிழவர்கள் சொல்கிறார்கள்."

ஜார்ஜ் கையை நீட்டிப் போனில் ஒரு பித்தானை அழுத்தினார். இந்தப் பக்கத்துப் பேச்சு அந்தப் பக்கம் கேட்காதபடி ஆயிற்று.

"நீ ஒண்ணும் சொல்லாத. ஒரு வார்த்தை பேசாத. நான் பாத்துக்கறேன். நீ நல்லதுக்குத்தான்மா பண்ணே. கர்த்தருக்குத் தெரியும்."

ஆஃபீஃபா அவர் கையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் பித்தானை மறுபடி அழுத்தினாள்.

"அந்த மெயில் அனுப்பினது நான்தான். என் பேர் ஆஃபீஃபா. அங்கே தோண்டுவதை நிறுத்தச் சொன்னதும் நான்தான்."

திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. அவன் திட்டவில்லை.

"உங்களிடம் பேசத்தான் கேட்டேன். எனக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள்" என்றான் கேவான். "நாற்பத்தொன்று எடுத்தாயிற்று. உங்கள் கணக்கில் நாற்பத்து மூன்று. அது பதினைந்து மாதத்துப் பழைய கணக்கு. இன்னும் இரண்டு பேர் உள்ளே இருக்கிறார்களா, இல்லை இடையில் செத்துப்போனார்களா, வேலைக்கு வெளியூர் போய்விட்டார்களா? அடுத்த பள்ளத்தாக்கிலும் ஒரு கிடங்கு விழுந்திருக்கிறது. இயந்திரத்தை அங்கே கேட்கிறார்கள். இங்கே தோண்டட்டுமா, அங்கே போகட்டுமா? பட்டியல் போட்டவரைக் கேட்டுச் சொல் என்கிறார் எங்கள் தலைவர்."

ஆஃபீஃபாவின் கை தன்னாலே மேஜை மேலிருந்த காகிதத்துக்குப் போனது. அதில் 43 என்று இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுபடியும் கேட்கிறார்கள். இவ்வளவுக்குப் பிறகும் அவளைத்தான் கேட்கிறார்கள். ஏழாயிரம் மைல் தள்ளி, சமோசா வாசனை அடிக்கிற ஒரு மாடி அறையில் உட்கார்ந்திருக்கிறவளைக் கேட்கிறார்கள், அந்த மண்ணின் மேலேயே நிற்கிற மனிதர்கள். அவளுக்குக் கோபம் வந்தது. அவர்கள் மேலா, தன் மேலா என்று தெரியவில்லை.

"எனக்குத் தெரியாது" என்றாள். இரண்டு வருஷத்தில் அந்த மாடியில் யாரும் சொல்லாத வார்த்தை அது. "எனக்கு எதுவுமே தெரியாது. நான் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. உங்கள் பக்கத்தில் அந்தக் கிழவர்கள் இருக்கிறார்களா?"

"இருக்கிறார்கள்."

"அவர்களைக் கேளுங்கள். எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். யார் யார் என்று கேளுங்கள்."

போன் எங்கேயோ கீழே வைக்கப்பட்டது. காற்றுச் சத்தம், இயந்திரத்தின் உறுமல், ஒரு நாய். பிறகு கேவான் பாரசீகத்தில் ஏதோ கேட்டான். பிறகு ஒரு கிழவரின் குரல் ஆரம்பித்தது. கரகரத்த, களைத்த குரல். வீடு வீடாகச் சொல்கிறார் என்று பாஷை தெரியாமலே புரிந்தது. ஒரு பெயர், அதன் பின்னால் சின்னச் சின்னதாக நான்கைந்து பெயர்கள், ஒரு நிறுத்தம். மறுபடி ஒரு பெயர். ஜைனப், யூசுஃப், மரியம் என்று கடையநல்லூரில் தெருவுக்கு நான்கு பேருக்கு இருக்கிற பெயர்கள். அவள் விரல் மடக்கி எண்ணினாள். ஜார்ஜும் எண்ணிக்கொண்டிருந்தார், உதடு அசைந்தது. நியூயார்க்கில் மார்கரெட் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

நாற்பத்து மூன்றாவது பெயரோடு முடிந்துவிடும் என்று ஆஃபீஃபா காத்திருந்தாள். முடியவில்லை. கிழவர் இன்னும் ஏதோ சொன்னார். அது பெயர்போல இல்லை. இரண்டு கிழவர்கள் ஒரே நேரத்தில் பேசினார்கள். கேவான் திரும்பக் கேட்டான். பிறகு ஓடி வந்து போனை எடுத்தான், மூச்சு வாங்கியது.

"நாற்பத்து நான்கு. உள்ளே மூன்று பேர் இருக்கிறார்கள். ஒரு பெண், அவளுடைய மகன். நாற்பத்து நான்காவது, அவளுக்குப் பிறந்த குழந்தை. அதற்குப் பெயர் இல்லை. பிறந்து ஆறு நாள் ஆகியிருந்ததாம்."

ஏழாம் நாள்தான் பெயர் வைப்பார்கள். அதை யாரும் ஆஃபீஃபாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. புதன்கிழமை பொழுது விடிந்திருந்தால் அன்றைக்குப் பெயர் வைத்திருப்பார்கள்.

"தோண்டுங்க" என்றாள். அவள் தமிழில் சொன்னது அவனுக்கு எப்படிப் புரிந்ததோ, அவன் ஏற்கெனவே கத்திக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தான்.